இரண்டு பெயின்ட் நிறங்களில் எதை எடுப்பது?

ஷேட் கார்டில் இரண்டு நிறங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டையும் சுத்த வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வெறும் க்ரீம் என்று நினைத்தது லேசாக இளஞ்சிவப்பு அடிக்கும். இன்னொன்றில் பச்சைச் சாயல் தெரியும். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், இரண்டிலும் சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, பெரிய வெள்ளை அட்டைகளில் தனித்தனியாக இரண்டு கோட் அடியுங்கள். சுவரிலேயே அடித்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். நன்றாகக் காய்ந்த பிறகே பாருங்கள், ஈரத்தில் தெரிவது வேறு நிறம். அட்டையைத் தரையில் போட்டுப் பார்க்காமல், சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் உள்ள சுவர், இருண்ட மூலை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். காலையில், மாலையில், அப்புறம் முக்கியமாக இரவில் லைட் போட்டு. 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளை பல்பும் ஒரே சுவரை இரு நிறமாகக் காட்டும். அந்த அறையில் எந்த நேரம் அதிகம் இருப்பீர்களோ, அந்த நேரத்தில் நன்றாகத் தெரியும் நிறத்துக்கே என் ஓட்டு.

அப்போதும் இழுபறியா? சரி, வெளிர்நிறத்தை எடுங்கள். நான்கு சுவர்களும் ஒன்றின் மேல் ஒன்று ஒளியைத் திருப்பி அடிப்பதால், அட்டையில் பார்த்ததைவிட அறையில் நிறம் பெரும்பாலும் தூக்கலாகத்தான் தெரியும். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்லும் எல்.ஆர்.வி. என்ற எண் கார்டில் இருந்தால் அதையும் பாருங்கள்: 0 கருப்பு, 100 வெள்ளை. வெளிச்சம் குறைந்த அறைக்கு எண் கூடுதலாக உள்ளதே நல்லது.