அரசியல் செய்திக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

முதலில் ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்துக்கு மூன்று பத்திகளாக எழுதி வாருங்கள். எத்தனை நிமிடம் அரசியல் செய்தி பார்த்தீர்கள், எதைப் பற்றி, அதனால் என்ன செய்தீர்கள். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். வரவு செலவு பார்க்காமல் எனக்கு எதுவும் புரியாது. அந்த வாரம் முதல் பத்தியைக் கூட்டினேன், 11 மணி நேரம். அதில் பாதி, மகள் தூங்கிய பிறகு இருட்டில் போனைத் தள்ளிக்கொண்டே கிடந்த நேரம். மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘அண்ணனோடு போனில் சண்டை’. அதைப் பார்த்ததும் மனது கனத்துப்போனது.

இப்படிப் பார்த்துவிட்டுச் செய்தியைக் குறைத்தால் குற்ற உணர்ச்சி வரும். தேவையில்லை. அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957-லேயே இதை விளக்கிவிட்டார். விவரம் தேடுவதற்கு நேரமும் உழைப்பும் ஆகும், ஒற்றை வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்போ மிகமிகக் குறைவு, அதனால் பலர் தெரிந்துகொள்ளாமல் இருப்பது கணக்குப்படி சரியான முடிவுதான். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒருவரின் வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு சராசரியாக 6 கோடியில் ஒன்று என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நாள் முழுக்க வேலை பார்த்து அலுத்து வருகிறவரைப் பார்த்து ‘உனக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஒரு தொழிலுக்கு வரிச்சலுகை தரும் மசோதா வந்தால், லாபம் அடைகிறவர்கள் அதை வரிவரியாகப் படித்திருப்பார்கள். செலவை ஏற்கும் நமக்கு ஆளுக்குச் சில காசுதானே, கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால்தான் முழுதாக விலகாதீர்கள் என்கிறேன்.

வருடத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கும் பணத்தை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிய விவாதங்களை விட்டுவிட்டு பட்ஜெட் அட்டவணையையே படித்தேன். அங்கே எல்லாரும் இந்த வருட மதிப்பீட்டைத்தான் பார்ப்பார்கள். தலைப்புச் செய்தியும் அதுதான். நீங்கள் பழைய வருடங்களுக்குப் போங்கள். ஒதுக்குவதாகச் சொன்னது எவ்வளவு, நடுவில் திருத்திய மதிப்பீடு எவ்வளவு, கடைசியில் உண்மையாகவே செலவானது எவ்வளவு? இந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் எழுதினால், எங்கே பணம் சுருங்கியது என்று கண்ணுக்குத் தெரியும். எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது. பல மாதம் செய்தி பார்த்தும் கிடைக்காத தெளிவு அதில் கிடைத்தது.

மற்ற விஷயங்களில் யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். 1988-இல் கலிபோர்னியாவில் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி 5 தீர்மானங்கள் ஒரே நாளில் பொதுமக்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஆர்தர் லூப்பியா என்ற ஆய்வாளர் வாக்களித்தவர்களிடம் விசாரித்தார். விவரம் அதிகம் தெரியாவிட்டாலும் காப்பீட்டுத் துறை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அறிந்திருந்தவர்கள், நன்கு விவரம் தெரிந்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். ஆனால் ஒன்று, சொல்கிறவருக்கு இதில் என்ன லாப நஷ்டம் என்று தெரியாவிட்டால் இந்த வழி உதவாது.

மிச்சமாகும் நேரத்தை உங்கள் குரல் எடுபடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். முப்பது பேர் கூடும் சங்கத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ கணக்கைப் படித்துவிட்டு வருகிறவர் ஒருவர் இருந்தாலே பேச்சின் திசை மாறும்.

அப்புறம், படிக்காத விஷயத்தில் ‘தெரியாது’ என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. போன வாரம் அண்ணன் புது மசோதா ஒன்றைப் பற்றி ஆரம்பித்தார். “நான் இன்னும் படிக்கல அண்ணா, நீங்க படிச்சீங்களா?” என்று கேட்டேன். அவரும் படித்திருக்கவில்லை. சரி என்று, அவருடைய முட்டி வலிக்கு டாக்டரிடம் எப்போது போவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.