சிறகுக்கு முன் உடலைப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சி, பவளப்பாறை மீன்களின் நிறத்தை அறியும் முறை

நெல்லைச் சீமையில் வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்குபவர்கள், அதற்கு மலையடிவாரத்துப் பாபநாசத்துக்கோ மணிமுத்தாற்றுக்கோ போக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். வீட்டுப் புறவாசலில் ஒரு கறிவேப்பிலை மரமும் அருகே இட்லிப்பூச் செடியும் இருந்தாலே தொடங்கிவிடலாம். ஒரு கைலென்ஸ், கைபேசி, நோட்டு ஆகியவற்றுடன் வெயில் ஏறத் தொடங்கும் காலை 8 மணிக்கு மேல் அங்கே அமருங்கள்.

படி 1: ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

கறிவேப்பிலை அழகி என்னும் பெரிய கறுப்புப் பூச்சியே தொடக்கத்துக்கு ஏற்றது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளில் அது முட்டையிடுவதால், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் அதன் புழுக்களை நன்கு அறிவார்கள். ஆண் பூச்சியின் பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடும். பெண் பூச்சிகளிலோ சில ஆணைப் போலவே இருக்க, சில ரோசா அழகி என்னும் வேறோர் இனத்தைப் போலவும், வேறு சில சிவப்புடல் அழகி என்னும் இன்னோர் இனத்தைப் போலவும் சிவப்புப் புள்ளிகளோடு வருகின்றன.

படி 2: உடலின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ரோசா அழகி, சிவப்புடல் அழகி ஆகிய இரண்டின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று, அதன் நச்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றை ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தச் சிறகு வடிவத்தைக் கண்டாலே விலகிவிடும். நச்சில்லாத கறிவேப்பிலை அழகியில் சிவப்புப் புள்ளியுள்ள பெண் பூச்சிகள் அந்த அச்சத்தின் பயனைச் சிறகின் தோற்றத்தாலேயே பெற்றுவிடுகின்றன. ஆனால் நச்சுள்ள இரண்டின் உடலிலும் உள்ள சிவப்பு இவற்றுக்கு வருவதில்லை. இவற்றின் உடல் கறுப்பாகவே இருக்கும். சிறகை மட்டும் நம்பியதால் என் முதல் ஆண்டுக் குறிப்புகளில் பெரும்பகுதியை அடித்துத் திருத்த நேர்ந்தது. ஆகவே உடலைப் பார்க்கும் வரை பெயரை எழுதாதீர்கள். ஒரே தாயின் மகள்கள்கூட இப்படி வெவ்வேறு தோற்றத்தில் பிறக்கலாம் என்பதும், டபுள்செக்ஸ் என்னும் ஒரே மரபணு அந்தத் தோற்றங்களைத் தீர்மானிக்கிறது என்பதும் (2014இல் வெளியான ஆய்வு இதை நிறுவியது) எனக்கு இன்றும் வியப்பூட்டுகின்றன.

படி 3: கோணத்தை மாற்றிப் பாருங்கள்

சன்னலோரம் இறந்து கிடக்கும் பூச்சியின் சிறகை லென்ஸில் பாருங்கள். ஓடு வேய்ந்ததுபோல் நுண்செதில்கள் அடுக்கடுக்காகத் தெரியும். தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அவைதாம். அவற்றில் சில நிறமி என்னும் சாயப்பொருளால் நிறம் பெறுகின்றன. சிலவற்றில் செதிலின் நுண்ணமைப்பே ஒளியைச் சிதறடித்து நிறம் காட்டுகிறது. ஒரே பூச்சியை மூன்று பக்கங்களிலிருந்து படமெடுத்தால் இந்த வேறுபாடு புலப்படும். நிறமியால் வந்த சிவப்பு எந்தப் பக்கத்திலும் சிவப்பாகவே இருக்கும். கோணம் மாறும்போது தோன்றி மறையும் ஊதாவும் நீலமும் பெரும்பாலும் அமைப்பால் வருபவை. இதற்காக உயிருள்ள பூச்சியைப் பிடிக்க வேண்டாம். களக்காடு–முண்டந்துறை போன்ற காப்புக்காடுகளிலிருந்து இறந்ததைக்கூட எடுத்து வரலாகாது.

படி 4: மீனுக்கு வாருங்கள்

அமைப்பால் வரும் நிறம் அடுக்களையிலும் உண்டு. சாளையைச் செதில் உரசும்போது கையில் மினுங்கும் வெள்ளி சாயமன்று. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. பவளப்பாறை மீன்களின் நீலமும் பெரும்பாலும் இத்தகையதே.

1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடிக் கரையிலிருந்து இராமேசுவரம் வரை, மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. ஆனால் ஏலக்கூடத்தில் கிடக்கும் பாறை மீனைக் கொண்டு நிறம் படிக்க முடியாது. தோலின் நிற உயிரணுக்கள் செயலிழந்து, நிறம் மங்கத் தொடங்கியிருக்கும். வண்ணத்துப்பூச்சியின் சிறகுக் கோலம் கூட்டுப்புழுப் பருவத்திலேயே முடிந்துவிடுவதால் ஒரு தெளிவான படம் போதும். மீனின் கோலமோ வாழ்நாள் முழுவதும் மாறக்கூடியது. பவளப்பாறைகளில் வாழும் கிளிமீன்களில் பல இனங்கள் முதலில் மங்கிய நிறப் பெண்ணாக இருந்து, பின்னர் பச்சையும் நீலமுமான ஆணாக மாறுகின்றன. எனவே நன்கு பராமரிக்கப்படும் கடல்மீன் தொட்டி ஒன்றில் ஒரே மீனைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை, ஒரே விளக்கொளியில், ஒரே பக்கத்தைப் படமெடுத்து, அதன் நீளத்தையும் தேதியையும் படத்தின் அடியில் எழுதி வாருங்கள்.