தொப்பூர் இறங்கும் முன்: பெயிண்ட் வாளியை வெட்டி பிரேக்குக்குக் காற்று கொடுப்பது எப்படி?

போன வைகாசியில் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினோம். காரில் ஐந்து பேர், டிக்கியில் இரண்டு பெட்டி மாம்பழம். (சேலத்துக்கே மாம்பழம் கொண்டுபோன ஆள் நான். அத்தை தோட்டத்துப் பழம், வேண்டாம் என்று சொல்ல முடியுமா?) தொப்பூர் கணவாயில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் நான்காவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. இரண்டாவது கியருக்கு மாற்றி, எப்படியோ தொப்பூர் வந்து ஓரம் கட்டினோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் வீட்டிலேயே செய்த வேலைகளை இங்கே எழுதுகிறேன். சக்கரம் கழற்றத் தெரிந்தவர் யாரும் செய்யலாம். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளும் ஆனது.

எவ்வளவு சூடு என்று முதலில் ஒரு கணக்கு

பிரேக் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே மிதியில் நின்றால், வெளியாகும் சூடு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். மலை இறங்கும்போது இது இன்னும் மோசம். உயரத்தில் 100 மீட்டர் இறங்கினால், அதே காரில் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சக்தி விடுபடுகிறது. கொஞ்சத்தை எதிர்க்காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்தால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நாம் நான்காவது கியரில் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கின் தலையில்தான். அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான் போகும், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அதனால் பின் சக்கரத்து டிரம் பிரேக்கை விட்டுவிடுங்கள், நம் வேலை எல்லாம் முன்னால்தான்.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் காலை வாரும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாகி உள்ளே போனால், ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்திருக்கிறது. எனக்கு நடந்தது இரண்டாவது. உங்களுக்கு எது நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், செலவை எங்கே தொடங்குவது என்பது அதை வைத்துத்தான்.

படி 1: பிரேக் ஆயில்

இதில் காற்று எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லைதான். ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இவை 230, 155. வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்குங்கள். சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5-ஐ மட்டும் இவற்றோடு கலந்துவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஏர் எடுப்பதில், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில், தவறு நடந்தால் பிரேக்கே இருக்காது, புதியவர்கள் பழகும் இடம் இது அல்ல. அங்கேயே, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின்னை (pin) கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். அந்தப் பின் இறுகியிருந்தால் பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எந்தக் காற்றாலும் ஆற்ற முடியாது.

படி 2: காற்றை மறிப்பதை எடுத்துவிடுங்கள்

காரைத் தயாரித்தவர்கள் காற்றுக்கு ஒரு வழி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதை அடைப்பது பெரும்பாலும் நாம்தான். காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். கீழ் கிரில்லை மறைக்கிற பெரிய நம்பர் பிளேட் சட்டம், கூடுதல் விளக்கு, அழகுக்கு மாட்டிய வலை. இரும்பு பம்பர் கார்டு இருந்தால் அதையும் கழற்றுங்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. காற்றுப்பை இருக்கும் வண்டியில் அது நேரடி ஆபத்து.

அடுத்து வீல் கப். துளை இல்லாத, முழுவதும் மூடிய பிளாஸ்டிக் கப்பாக இருந்தால் மலைப்பாதைக்குக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள். பைசா செலவில்லாத மாற்றம் இது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு அடைப்பும் உண்டு. (இதுவும் படி 3-உம் பிரேக்கைவிட இன்ஜின் பக்கத்துக் காற்றுக்கான வேலை, முன்னால் குனிந்திருக்கும்போதே முடித்துவிடலாம்.) அறுவடை நாளில் கேழ்வரகையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளையே போரடிக்க வைப்பது ஊர்ப்புறத்தில் பார்க்காத காட்சியா? அந்த உமியும் தூசியும் நேராகப் போய் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரில் அப்பிக்கொள்ளும். என் வண்டியில் கால் கிலோவாவது இருந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்து ஹோஸில் மெதுவான தண்ணீர் விட்டு, முடிந்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் பிரஷர் கன்னை அங்கே காட்டினால் அலுமினியச் செதில்கள் மடங்கி இருக்கிற வழியும் அடைந்துபோகும். சக்கர அச்சில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். காய்ந்த வைக்கோல் சைலன்சர் குழாயருகே கிடந்தால் தீப்பிடிக்கும்.

படி 3: ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளி

காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான செதில்களுக்குள் நுழைவதைவிடப் பக்கத்தில் இருக்கும் இடைவெளியில் நழுவிப் போவதுதான் அதற்குச் சுலபம். அந்த இடைவெளிகளை மூட கம்பெனியில் ரப்பரும் பிளாஸ்டிக் தட்டும் வைத்திருப்பார்கள். ஒரு தடவை முன்னால் இடித்து டிங்கர் வேலை பார்த்திருந்தால் அவை திரும்பி வந்திருக்க வாய்ப்பு குறைவு.

தண்ணீர் உறிஞ்சாத கறுப்பு ஃபோம் ஷீட்டை நீளத் துண்டுகளாக வெட்டி, பம்பருக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் நடுவே பக்கவாட்டிலும் மேலேயும் செருகி அடையுங்கள். பழைய யோகா பாய் இருந்தால் அதுவே போதும். ஃபேனுக்கு அருகிலோ இன்ஜின் பக்கமோ வைக்காதீர்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவரையும் பாருங்கள். சர்வீஸில் கழற்றி "இது எதுக்கு சார்" என்று ஓரம் போட்டிருப்பார்கள். அது சேற்றைத் தடுக்க மட்டும் இல்லை, காற்றை ஒழுங்காக நடத்தவும்தான். தேடி மாட்டுங்கள்.

போனட்டின் பின் மூலையில் வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு வெளியேறும் என்று ஒரு நம்பிக்கை நம் பையன்களிடம் உண்டு. வண்டி ஓடும்போது கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதி அழுத்தம் கூடியிருக்கும். அங்கே திறந்து வைத்தால் சூடு வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே நுழையத்தான் பார்க்கும். போனட்டைத் தொடாதீர்கள்.

படி 4: பெயிண்ட் வாளி டிஃப்ளெக்டர்

இதுதான் முக்கியமான வேலை, இதற்காகத்தான் இந்தப் பதிவு. யோசனை என்னுடையது இல்லை. போர்ஷே 911 ஜிடி3 கார்களில் முன் சக்கரத்தின் கீழ்க் கையில், அதாவது லோயர் ஆர்மில், சின்ன பிளாஸ்டிக் மடல் ஒன்று இருக்கும். வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைப் பிடித்து டிஸ்க் பக்கம் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. ரேஸ் வண்டிகளைப் போல பம்பரிலிருந்து சக்கரத்துக்குக் குழாய் இழுப்பதும் உண்டு. ஆனால் நம் சின்ன கார்களில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் அந்தக் குழாயைத் தேய்த்துக் கிழித்துவிடும். மடல் வைப்பதே ஆரம்பத்துக்கு நல்லது.

வேண்டியவை: 20 லிட்டர் பெயிண்ட் காலியான வாளி ஒன்று, அகலமான கறுப்பு கேபிள் டை ஒரு பாக்கெட், வாளியை வெட்ட வலுவான கத்தி, கொஞ்சம் அட்டை, ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடக்கூடாது, செங்கல் அடுக்கி வைப்பது அதைவிட மோசம்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தி, பிறகு தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க்கின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தட்டுகளும் நடுவே இடைவெளியும் இருந்தால் அது காற்றோட்ட டிஸ்க், சுற்றும்போது நடுப்பகுதியிலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் வெளியே வீசும். அதனால் காற்று டிஸ்க்கின் உள்பக்க மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே தட்டாக இருந்தால் உள்பக்க முகத்தில் பட்டாலே சரி. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரம் வளைந்திருந்தால் கையால் நிமிர்த்துங்கள், வெட்டி எறியாதீர்கள். சேறும் கல்லும் டிஸ்க்கில் படாமல் காப்பது அதுதான்.

இப்போது அட்டையில் மாதிரி வெட்டுங்கள். என் வண்டிக்கு 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் சரியாக இருந்தது, உங்களுடையதற்கு மாறும். லோயர் ஆர்மின் முன் விளிம்பில் அட்டையை நிறுத்தி, முன்னாலிருந்து வரும் காற்று சறுக்கிக்கொண்டு டிஸ்க்கின் நடுவுக்குப் போகும்படி சாய்த்துப் பாருங்கள். அட்டையில் மூன்று தடவை தப்பு செய்த பிறகுதான் எனக்குச் சரியான சாய்வு கிடைத்தது. வாளியின் பக்கச்சுவர் ஏற்கெனவே வளைந்திருப்பதால் அந்த வளைவையே பயன்படுத்திக்கொள்ளலாம். வெட்டி, ஓரங்களை மழுக்கி, நான்கு துளை போட்டு, கேபிள் டையால் ஆர்மோடு இறுக்குங்கள். ஆர்மில் மட்டும் துளை போடவே கூடாது. வண்டியின் உயிரைத் தாங்கும் உறுப்பு அது.

மடல் தொடக்கூடாதவை நான்கு: சுற்றும் ஆக்ஸிலும் அதன் ரப்பர் பூட்டும், பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், டிஸ்க். டிஸ்க்கிலிருந்து 10 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், கிட்டே போனால் பிளாஸ்டிக் இளகும். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, இன்னொரு தடவை திருப்புங்கள், ஏனென்றால் எடை இறங்கியதும் ஆர்ம் நிற்கும் கோணம் மாறும். வண்டியின் அடிப்பகுதியிலேயே தாழ்வான பொருளாக மடல் இருக்கக்கூடாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற அனுமதிக்காது. அதனால்தான் வெட்டாமல், துளைக்காமல், கத்தரிக்கோலால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடக்கூடியதாக இதைச் செய்திருக்கிறேன்.

படி 5: அளந்து பாருங்கள்

தூரத்திலிருந்து சூடு பார்க்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் கன் ஒன்று கடன் வாங்கினேன். ஒரே பாதை, ஒரே ஆட்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும். கணவாயில் நிற்காமல், இறங்கி முடித்து சாலையை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். பளபளக்கும் பரப்பில் கன் குறைத்துக் காட்டும் என்பதால், துருப்பிடித்த நிறத்தில் இருக்கும் டிஸ்க்கின் ஓரத்தையே ஒவ்வொரு தடவையும் குறி வையுங்கள். இடது டிஸ்க்குக்கும் வலது டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் காட்டினால், காரணம் காற்று இல்லை. ஒரு பக்கக் காலிப்பர் சிக்கியிருக்கிறது, படி 1-க்குத் திரும்புங்கள்.

மடல் வைத்த பிறகு எனக்கு இருபது, முப்பது டிகிரி குறைந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மேலேயே இரண்டாவது கியரைப் போட்டு இறங்கிய நாளில் அதைவிட அதிகம் குறைந்தது. மெதுவாக ஊர்ந்து இறங்கும்போது காற்றும் மெதுவாகத்தானே வரும்? அப்போது மடலும் பெரிதாக எதுவும் செய்யாது.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணலாகும் அல்லது விரிசல் விடும். பிரேக் ஆறும் வரை, இடம் சமதளமாக இருந்தால், ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஒரு வாளியில் நான்கு மடலாவது வெட்டலாம். மிச்சத்தை டிக்கியில் வைத்திருங்கள். என் இடது மடல் பென்னாகரம் ரோட்டில் ஒரு வேகத்தடையில் பிய்ந்து போனது, ஓரம் கட்டி புதியதை மாட்டப் பத்து நிமிடம்தான் ஆனது. மெக்கானிக் அண்ணன் அடுத்த சர்வீஸில் அடியில் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வண்டிக்கு அடியில பெயிண்ட் விளம்பரம் ஓடுது" என்றார். எழுத்து அச்சிட்ட பக்கத்தை நான் வெளியே வைத்துவிட்டேன். நீங்கள் உள்பக்கம் திருப்பி மாட்டுங்கள்.