துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு: முன்பணம் கொடுக்கும் முன்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பக்கத்து அமீரகமான ஷார்ஜாவின் வாடகையைத்தான். குறைவுதான், மறுக்கவில்லை. வாளையாறு தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்களுக்கு எல்லை கடந்த பிழைப்பும் புதிதல்ல. ஆனால் துபாய் மெட்ரோ ஷார்ஜாவுக்குள் போவதில்லை. பஸ் உண்டு; அதுவும் காலை நெரிசலில் அல் இத்திஹாத் சாலையில் ஊர்ந்துதான் போகும். சொந்தக் கார் என்றால் வழியைப் பொறுத்து சாலிக் சுங்கமும் சேரும். வாடகையில் மிச்சப்படுவதிலிருந்து இவற்றைக் கழித்துப் பாருங்கள். அலுவலகம் மெட்ரோ தடத்தில் இருந்தால், துபாய் எல்லைக்குள்ளேயே இருக்கும் அல் குசைஸ் பரவாயில்லை. துபாய்க்குள் இருக்கும் கராமாவில் வாடகை கூடுதல். ஆனால் இட்லிக்கும் மீன்குழம்புக்கும் அலைய வேண்டாம். (என் ஓட்டு கராமாவுக்கே.)

தனியாகப் போகிறவர்களுக்குக் கட்டில் இடம் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அனுமதியின்றிப் பலகை வைத்துத் தடுத்த அறைகளுக்குப் போகாதீர்கள். மாநகராட்சி சோதனை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டிவரும்.

குடும்பத்தை அழைத்துவரும் எண்ணம் இருந்தால், துபாய் வீட்டு ஒப்பந்தம் உங்கள் பெயரில் இஜாரியில் (துபாய் அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு முறை) பதிவாக வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாடகையை பின்னால் வரும் தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பது அங்கே வழக்கம். காசோலைகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒப்புக்கொண்டால், பேரம் பேச இடமுண்டு.