ஆண்கள் ஐக்கியம்: நாலு பேரோடு தொடங்குவது எப்படி?

சர்ச்சில் ஆண்கள் ஐக்கியம் என்றால் அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் பார்ப்பது, கன்வென்ஷனுக்கு நாற்காலி போடுவது, வருஷத்தில் ஒரு ஞாயிறு சிறப்புப் பாடல் பாடுவது என்றுதான் பலருக்கும் பழக்கம். அதில் தப்பில்லை. நான் இங்கே எழுதுவது வேறொன்றைப் பற்றி. வாரம் ஒரு முறை நாலைந்து ஆண்கள் கூடி, வேதம் வாசித்து, மனம்விட்டுப் பேசி, ஜெபித்துக் கலையும் சின்னக் குழு. சென்னை வேளச்சேரியில் எங்கள் குழு ஓடும் விதத்தை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு ஜெபிக்கத் தெரியும், வேதத்தில் மாற்கு எங்கே இருக்கிறது என்றும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆயரிடம் ஒரு வார்த்தை

தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காணிக்கை எடுக்கமாட்டோம், ஆராதனை நேரத்தில் கூடமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் "தனிச் சபை ஆரம்பிக்கிறாங்க" என்ற பேச்சு சீக்கிரமே கமிட்டி வரை போய்விடும்.

படி 2: ஆள் சேர்ப்பது

ஆராதனையில் அறிவிப்புக் கொடுக்காதீர்கள். அதைக் கேட்டு வருகிறவர்கள் ஏற்கெனவே எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவர்கள்தான். ஆசீர்வாதம் முடிந்ததும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நேரே பைக்குக்குப் போகிறாரே, அவரிடம் கேளுங்கள். "பிரதர், சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம். எட்டு வாரம் மட்டும் வந்து பாருங்க." இத்தனை வாரம் என்று கெடு சொல்லிக் கேட்டால் ஆண்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

நாலு பேர் போதும், ஆறு வரை போகலாம். எட்டு ஆனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1742-இல் பிரிஸ்டலில் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுத்தது, ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான். வசூலுக்கு வீடு வீடாகப் போனபோது யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்து, அது வாரக் கூடுகையாக மாறியது. ஆனால் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுவதற்கென்று 1738-இலேயே அவர் விதிகள் எழுதிய குழுக்கள் இதைவிடச் சிறியவை. அவற்றில் ஆண்கள் தனி, பெண்கள் தனி.

படி 3: நேரமும் இடமும்

சனி காலை 6 முதல் 7.15. சாயங்காலம் வேண்டவே வேண்டாம்; ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) டிராஃபிக் ஒரு பக்கம், அமெரிக்க ஆபீஸ் போன் கால் ஒரு பக்கம். மொட்டை மாடி நல்ல இடம், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை. டிபன் கூடாது. ஆறு பேருக்கு இட்லி அவிப்பதற்காக ஒரு சகோதரி ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டி வந்தால், அந்த வீட்டில் குழு நீடிக்காது. முடிந்ததும் தெருமுனை டீக்கடைக்குப் போங்கள். உள்ளே வாய் திறக்காதவர் அங்கே பேசுவார்.

படி 4: மாற்கு சுவிசேஷம்

சீஷத்துவப் பாடப் புத்தகங்கள் எனக்குப் பிடிக்காது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ஐம்பது வயதுக்காரரும் பரீட்சை எழுதும் முகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். மாற்கு, நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம். வாரம் ஒரு சம்பவம் மட்டும் எடுங்கள். சத்தமாக வாசிக்கப் பழைய மொழிபெயர்ப்பு, ஏனென்றால் எல்லார் கையிலும் அதுதான். புரியாத இடத்துக்கு எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். செல்போன் வேதாகமத்தை நான் அனுமதிப்பதில்லை, நடுவில் பேங்க் மெசேஜ் வரும்.

இயேசு இதில் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், எந்த இடம் நம்மை இடிக்கிறது, இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம். இந்த மூன்று கேள்விகள் போதும். 9-ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனோடு வந்து, விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது என்று கெஞ்சும் தகப்பனிடம் வரும்போது அவசரப்படாதீர்கள். பிள்ளை பெற்றவர்கள் அங்கே பேசுவார்கள்.

படி 5: ஜெப விண்ணப்பம்

எங்கள் குழு மாதக்கணக்கில் தேங்கி நின்றது இங்கேதான். "ஜெப விண்ணப்பம் இருந்தா சொல்லுங்க" என்றால் மளமளவென்று வரும்: மாமியாரின் மூட்டு ஆபரேஷன், அண்ணன் மகனுக்கு நீட், மச்சினனுக்கு கனடா விசா, தேசத்தின் சமாதானம். எல்லாம் நியாயமான விண்ணப்பங்கள்தான். ஆனால் சொன்னவர் எப்படி இருக்கிறார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். மற்றவர்களுக்காக ஒன்று, உங்களுக்காக ஒன்று. "ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரணும்" என்பது கணக்கில் சேராது. "என்னைவிடச் சின்னப் பையன் மேனேஜரா வந்துட்டான், அவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது" என்பது சேரும். நடத்துகிறவர் முதலில் சொல்ல வேண்டும், பூசி மெழுகாமல். அடுத்து ஒரு மௌனம் வரும். அதை நிரப்பப் பாட்டு எடுக்காதீர்கள்.

அப்புறம், கடைசி இருபது நிமிடம் இருவர் இருவராகப் பிரிந்துவிடுங்கள். மாற்கு 6-இல் இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார்! இரண்டு மாதத்துக்கு அதே ஜோடி. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் புத்தி சொல்லக்கூடாது, வசனத்தால் அடைக்கவும் கூடாது. ஒரு கேள்வி கேட்கலாம். பிறகு அங்கேயே, பெயர் சொல்லி, சத்தமாக ஜெபிக்க வேண்டும்.

சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு ஒன்று எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் வாராவாரம் மகள் கல்யாணத்துக்கே ஜெபிக்கச் சொல்வார். ஜோடியாக உட்காரத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, வேதாகம உறையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், "வீட்ல நானும் அவளும் பேசி ரெண்டு மாசமாகுது தம்பி" என்றார். ஜெபித்தோம். அடுத்த சனி, "பேசினீங்களா அண்ணே?" என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். இப்படிக் கேட்க மறக்காமலிருக்கத்தான் ஒரு 40 பக்க நோட்டு வாங்கச் சொல்கிறேன். அதில் தேதியும் ஒரு சொல்லும் போதும், விவரம் எழுத வேண்டாம்.

படி 6: ரகசியமும் அதன் எல்லையும்

இங்கே கேட்டது மனைவிக்கும் போகக்கூடாது. "அவருக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒரு விஷயம் சபை முழுக்கப் பரவுவதை எல்லாரும் பார்த்திருப்போம்.

ஆனால் சிலவற்றை மூடிவைக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள், ஜெபத்தோடு 14416-க்கும் போன் போடுங்கள். அது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். குடி என்றால் அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கூட ஒருவர் போனால்தான் அவர் போவார்.

பின்சேர்க்கை

குழுவில் ஒருவர் கைமாற்று கேட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் விதி: குழுவுக்குள் கடன் கிடையாது. உண்மையான தேவை என்றால் திரும்பக் கேட்காமல் கொடுங்கள், அல்லது ஆயரிடம் கொண்டுபோங்கள். பணம் வாங்கியவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

எங்களுக்கு அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்தார் கூடும் சின்னக் குழு) இருக்கிறதே, இது எதற்கு என்று ஒரு கத்தோலிக்க நண்பர் கேட்டார். அன்பியம் குடும்பம் குடும்பமாகக் கூடுவது. ஜிப்பைத் திறந்து மூடும் அண்ணன் அங்கே மனைவியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இரண்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள்: இடம், நேரம், வேதபகுதி. காலை வணக்கப் படங்களுக்கு உங்கள் குடும்ப குரூப் இருக்கிறது.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கினால் குழு தானாகவே கலையும். இழுத்துப் பிடிக்காமல் முதல் வாரமே விடுமுறை சொல்லி, ஜனவரி இரண்டாம் சனி என்று தேதியையும் குறித்துவிடுங்கள். ஜோடிகள் மட்டும் போனில் பேசிக்கொண்டிருக்கட்டும்.