இனிப்பற்ற ரீஸ்லிங் வைனை லேபிளிலேயே கண்டறிய

ஜெர்மனியின் ரைங்காவ் பகுதியில், 1720இல் ரீஸ்லிங் திராட்சை பெருமளவில் நடப்பட்ட ஷ்லோஸ் யோஹானிஸ்பெர்க் தோட்டத்தின் வைனை வாங்குவோர், புட்டியின் அழகைவிட லேபிளின் சிறு எழுத்துகளைக் கவனிப்பது நல்லது. ‘ட்ரோக்கன்’ (இனிப்பற்றது) என்றிருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரையே எஞ்சியிருக்கும். ‘ஃபைன்ஹெர்ப்’ சற்றே இனிக்கும். இரண்டும் இல்லையெனில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துவிட்ட ரீஸ்லிங்கில் அது பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டியிருக்கும், 8 என்றால் இனிப்பு நிச்சயம். இத்தோட்டத்தின் 1775ஆம் ஆண்டுத் தாமத அறுவடையால் புகழ்பெற்ற ‘ஷ்பேட்லேஸ’ என்பது திராட்சை பழுத்த நிலையைத்தான் காட்டுகிறது, வைனின் இனிப்பை அல்ல. ஆகவே ‘ஷ்பேட்லேஸ ட்ரோக்கன்’ என்ற புட்டியைத் தயங்காமல் எடுக்கலாம். பரிமாற 10 டிகிரி செல்சியஸ் போதும். அதிகம் குளிர்ந்தால் மணம் எழாது.