வெளிநாட்டுப் பணத்தால் குடும்பம் முன்னேறியதா? கணக்கு பிசகும் இடங்கள்

வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டையும் வராத வீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, "எல்லாம் அந்தப் பணத்தால் வந்த வசதி" என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. விசாவுக்கும் ஏஜென்டுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் புரட்ட முடிந்த வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் ஆள் கிளம்புகிறார். பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வசதி அங்கே முன்பே இருந்திருக்கலாம். அவர் போகாமல் இருந்திருந்தால் இதே வீடு எப்படி இருந்திருக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கு விடை தரும் சந்தர்ப்பம் அபூர்வம். அப்படி ஒன்று 1997 ஆசிய நிதி நெருக்கடியில் வாய்த்தது. பிலிப்பைன்ஸ் நாணயமான பெசோ சரிந்தது. டாலரிலும் ரியாலிலும் சம்பாதித்தவர்கள் அனுப்பிய தொகை பெசோவில் பெருகியது. கொரியாவிலும் மலேசியாவிலும் இருந்தவர்களுக்கு அந்த ஆதாயம் இல்லை. அந்த நாணயங்களும் கூடவே விழுந்தன. யார் எந்த நாட்டில் என்பது நெருக்கடிக்கு முன்பே முடிவான விஷயம், குடும்பத்தின் சாமர்த்தியம் அல்ல. பொருளியலாளர் டீன் யாங் இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆராய்ந்தார். கூடுதல் ஆதாயம் கிடைத்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பும் சுயதொழிலும் கூடின, குழந்தை உழைப்பு குறைந்தது. ஆகவே பணம் நன்மை செய்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். எவ்வளவு என்பதில்தான் மற்ற பிசகுகள்.

வரும் தொகை முழுவதையும் லாபமாக எழுதாதீர்கள். ஊரிலிருந்தபோது மாதம் 10,000 வீட்டுக்குக் கொடுத்தவர் இப்போது 25,000 அனுப்பினால், கூடியது 15,000. பயணக் கடனுக்கு 6,000 தவணை போனால் கையில் மிஞ்சுவது 9,000 மட்டுமே.

அனுப்பும் செலவிலும் ரசீதில் உள்ள கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. 200 டாலருக்குக் கட்டணம் 5 டாலர். மாற்று விகிதத்தில் 2% குறைத்தால் இன்னும் ஏறத்தாழ 4 டாலர். மொத்தம் 4.5%. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு.

"சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போய்விட்டது, முதலீடு இல்லை" என்று குறை சொல்வதும் தவறு. நல்வாழ்வை அளக்க வந்தவருக்கு அவைதானே முதல் அடையாளம்!

கணக்கெடுப்பில் "போன மாதம் எவ்வளவு வந்தது?" என்று மட்டும் கேட்டால் பாதி தப்பிவிடும். பணம் பள்ளி திறக்கும்போதும் பண்டிகைக்கும் மொத்தமாக வரும். ஆள் கையிலும் பொருளாகவும் வரும். 12 மாதங்களுக்குக் கேளுங்கள். குடும்பத் தலைவரோடு நிறுத்தாமல் மனைவியிடமும் முதியவர்களிடமும் தனித்தனியே பேசுங்கள். வயலும் மாடும் மருத்துவமனை அலைச்சலும் யார் தலையில் விழுந்தன என்பது அப்போதுதான் தெரியவரும்.